மேல் கண்ணும் கீழ் கண்ணும்

என் மனைவிக்குத் தெரியாமல் எனக்குக் கண் தெரியாமல் போய்விட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

இருபத்தாறு வருட இல்லறத்தில் அவளைக் கேட்காமல் நான் எடுத்த முதல் தீர்மானம் இது. அதுவரை நான் சொந்தமாகத் தும்மியதுகூட இல்லை. "வெளிய போய்த் தும்முங்க" என்பாள். போய்த் தும்மிவிட்டு வருவேன். அப்படிப்பட்டவன் இவ்வளவு பெரிய காரியத்தைத் தனியாகத் தொடங்கினேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். பெருமைப்பட வேறு எதுவும் அப்போது கைவசம் இல்லை.

முடி வெட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கண் டாக்டரிடம் போனேன். அவர் என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். டாக்டர் பெருமூச்சு விட்டால் பாதி உயிர் அங்கேயே போய்விடுகிறது.

"நடுப்பார்வை போயிக்கிட்டு இருக்கு. ஓரப்பார்வை நிக்கும்."

"போனது திரும்ப வருமா, டாக்டர்?"

"வராது."

"சொட்டு மருந்து ஏதாவது?"

"எழுதித் தரேன். உங்க திருப்திக்கு."

வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே விசாரணை.

"முடி வெட்டலையா?"

"கடை பூட்டியிருந்தது."

"அதுக்கு ரெண்டு மணி நேரமா?"

"திறக்குமான்னு பாத்துக்கிட்டு நின்னேன்."

"பூட்டின கடையை ரெண்டு மணி நேரம் பாத்த ஒரே ஆள் நீங்கதான். உள்ள வாங்க, செருப்பு மாறிக் கெடக்கு."

அந்த மட்டில் தப்பித்தேன் என்று நினைத்தேன்.

என் கண்ணின் நடுவில் ஒரு கறை. எதை நேராகப் பார்க்கிறேனோ அது காணாமல் போகும். எதைப் பார்க்கவில்லையோ அது தெரியும். காலையில் எழுந்ததும் எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கறையை அளப்பது வழக்கமாகிவிட்டது. முதலில் முட்கள் போயின. அப்புறம் எண்கள் போயின. பிறகு கடிகாரமே போய், டிக் டிக் மட்டும் மிச்சம் இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுக்கையிலேயே கிடப்பேன். பயமாக இருக்கும். அதை யாரிடமும் சொல்ல முடியாது என்பது இன்னும் பயமாக இருக்கும்.

மனைவியைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் தொங்கும் காலண்டரைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் அவள் ஓரத்தில் வருவாள்.

"காலண்டர்கிட்ட என்ன பேச்சு? நான் இங்க நிக்கிறேன்."

"தேதி பாத்தேன்."

"அது போன வருஷக் காலண்டர்."

எதிர்வீட்டுத் தையல்காரர் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். முகத்துக்கு நேராகப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறேனாம். என்ன செய்வது? நேராகப் பார்த்ததுதான் தப்பு.

என் பிழைப்பு என்ன என்று சொல்லவில்லையே. விதைகளைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுப்பது. ஊரில் ஒரு விதைக் காப்பகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அங்கிருந்து ஒரு பெட்டி வரும். அதில் பன்னிரண்டு வகை விதை. ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் ஒட்டி, கீழே பெயர்ச்சீட்டு ஒட்டி, சனிக்கிழமை காலை ஜன்னலோர மேஜையில் நிமிர்த்தி வைத்து எடுக்க வேண்டும். ஒரு பிலிம் ரோலில் பன்னிரண்டு படம். கணக்குச் சரியாக இருக்கும். நாற்பது வருடமாக ஒரே மாதிரிக் கேமரா, ஒரே அளவு. மாற்றினால் பழைய படத்தோடு புதுப்படத்தை வைத்துப் பார்க்க முடியாது என்பது காப்பகத்தின் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தால்தான் என்னைப் போன்ற ஒருவனுக்கு இன்னும் வேலை இருந்தது.

என் கேமராவுக்கு இரண்டு கண்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. மேல் கண் பார்க்கும். கீழ் கண் எடுக்கும். உச்சியில் இருக்கும் மூடியைத் திறந்து, தலையைக் குனிந்து, உள்ளே தெரியும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். தலை குனிந்து நிற்பதில் எனக்கு இருந்த வீட்டு அனுபவத்தால் இந்த வித்தை எனக்குச் சீக்கிரம் கைவந்தது. உள்ளே இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும். அதுவும் பழக்கம்தான். வீட்டில் நான் வலது என்று ஆரம்பித்தது எல்லாம் இடதில்தான் முடிந்திருக்கிறது.

தூரத்துப் பொருள் என்றால் இரண்டு கண்ணும் ஒன்றையேதான் பார்க்கும். கிட்டப் போனால்தான் வம்பு. மேல் கண்ணுக்கு விதை நட்டநடுவில் இருக்கும். கீழ் கண் அதற்கடியில் இருக்கும் பெயர்ச்சீட்டை எடுத்துத் தொலைக்கும். ஆகவே பார்த்து முடித்ததும் கேமராவின் அடியில் ஒரு மரக்கட்டையைச் சொருகவேண்டும். இரண்டு கண்ணுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு உயரக் கட்டை. கீழ் கண் ஏறி, மேல் கண் இருந்த இடத்துக்கு வந்துவிடும். பிறகு அமுக்கினால், பார்த்தது படத்தில் விழும்.

இதில் என் மனைவியின் பங்கு, வெள்ளைக் காகிதம் பிடிப்பது. ஜன்னல் வெளிச்சம் விதையின் ஒரு பக்கம்தான் விழும். மறுபக்கம் அவள் காகிதத்தைப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பிவிடுவாள். இருபத்தாறு வருடமாகப் பிடிக்கிறாள். நடுநடுவே "கட்டை, கட்டை" என்று ஞாபகப்படுத்துவாள். கல்யாணமான புதிதில் என்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளிடம் ஏன் மறைத்தேன்? சொன்னால் வேலையை நிறுத்திவிடுவாள் என்பது ஒரு காரணம். அந்த மேஜையும் அந்தக் கேமராவும் போய்விட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அவள் திட்டுவதை நிறுத்திவிடுவாள். "பாவம்" என்று ஆரம்பித்துவிடுவாள். கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப் போவாள். இவள் வாயில் நான் "பாவம்" ஆகிவிட்டால் அதோடு என் கதை முடிந்தது. திட்டு வாங்கும் வரைக்கும் நான் முழு ஆள்.

ஆகவே திட்டம் தீட்டினேன். பார்வை மிச்சம் இருந்தபோதே கேமராவில் தெளிவு பார்க்கும் திருகைச் சரியான இடத்தில் நிறுத்திப் பசை தடவி ஒட்டிவிட்டேன். கேமராவின் அடியில் ஒரு நூலைக் கட்டினேன். விதை துல்லியமாகத் தெரியும் தூரத்தில் நூலில் ஒரு முடிச்சு. இனி பார்க்கவே வேண்டாம். நூலை இழுத்து, முடிச்சு அட்டையைத் தொடும்படி கேமராவை நகர்த்தி, கட்டையைச் சொருகி, அமுக்க வேண்டியதுதான். கிட்டப் படத்தில் ஓர் அரிசி அளவு தூரம் தப்பினாலும் எல்லாம் மங்கிவிடும். முடிச்சு தப்பாது. முடிச்சுக்கு வயதாகாது.

மற்ற வேலைகளைத் தந்திரமாக அவள் தலையில் கட்டினேன். "கை விரல் வலிக்குது" என்று சொல்லி ரோல் மாட்டும் வேலையைக் கொடுத்தேன். "முழங்கால் வலிக்குது" என்று சொல்லி தெருக்கோடி ஸ்டூடியோக்காரரின் மாடிக்குப் பிலிமைக் கழுவக் கொண்டுபோகும் வேலையைக் கொடுத்தேன். இந்த வகை பிலிமோடு ஒரு நீளமான காகிதமும் சேர்ந்து சுற்றியிருக்கும். அதன் முதுகில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள். கேமராவின் பின்பக்கம் ஒரு சிவப்புத் துவாரம் வழியாக அந்த எண் தெரியும். "எண்ணைப் படிம்மா, நான் விதையைக் கவனிக்கிறேன்" என்று அதையும் அவளிடம் தள்ளினேன். எதற்கும் மூன்று கேள்வி கேட்பவள், இதற்கெல்லாம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

இப்படியாகச் சனிக்கிழமைகள் நடந்தன. அந்த வருடம் மழை மேகம் விலகவே இல்லை. அறைக்குள் சாம்பல் நிற வெளிச்சம். அட்டையில் ஒரு விதை. நான் தலையைக் குனிந்துகொண்டு ஒரு கறையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஆகா! எவ்வளவு துல்லியம்! மேல இருக்கிற ரோமம்கூட ஒண்ணொண்ணாத் தெரியுது."

"எந்த ரோமம்?"

"விதை மேல இருக்கே, அதான்."

"இது வழவழா விதைங்க. பட்டன் மாதிரி இருக்கு."

"...லென்ஸ்ல தூசி போல."

"தூசியை ரோமம்னு எடுத்து அனுப்பாதீங்க. அப்புறம் புது விதை கண்டுபிடிச்சதா உங்களுக்கு மாலை போடுவாங்க. கட்டை வச்சீங்களா?"

"வச்சேன்."

"அது கட்டை இல்ல. என் சோப்புப் பெட்டி."

கட்டையைத் தேடி மேஜை முழுக்கத் தடவினேன். அவள் எடுத்துக் கையில் திணித்தாள். "கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?" என்றாள். கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அது சும்மா திட்டுதான். நாள் ஒன்றுக்கு நாலு தடவை சொல்வது. நிம்மதியாக நூலை இழுத்தேன்.

ஒரு வருடம் ஓடியது. ஒரு படமும் திரும்பி வரவில்லை. மாறாக ஒரு கடிதம் வந்தது. அவள்தான் படித்தாள். மதிப்பிற்குரிய என்று ஆரம்பித்தவள் இருமினாள். தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

"'தாங்கள் ஓராண்டாக எடுத்தனுப்பும் படங்கள் இக்காப்பகத்திற்கு நாற்பது ஆண்டுகளில் வந்தவற்றிலேயே மிகத் துல்லியமானவை. தங்கள் முறையை நேரில் கண்டு குறித்துக்கொள்ள வருகிற சனிக்கிழமை வருகிறேன்.' தலைவியம்மா கையெழுத்துப் போட்டிருக்காங்க."

நன்றாகக் கண் தெரிந்த இருபத்தைந்து வருடமும் "கிடைத்தது" என்று ஒரு வரிதான் எழுதுவார்கள். கண் போன வருடத்தில் இந்தப் பாராட்டு! கலை கண்ணில் இல்லை, கையில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தேன். அதை மனைவிக்கு விளக்கவும் செய்தேன்.

"படம் எடுக்கிறதுன்னா சும்மா இல்லம்மா. அது உள்ளேருந்து வரணும்."

"ம்."

"நீ இத்தனை வருஷம் கூடவே நிக்கிறே. ஆனா உனக்கு இதோட சூட்சுமம் புரியாது."

"ஆமாங்க. எனக்கென்ன புரியும். அந்த மிளகு டப்பாவை எடுங்க. அது இல்ல. அதுக்குப் பக்கத்துல."

சனிக்கிழமை தேய்த்த சட்டை போட்டுக்கொண்டேன். பட்டனை ஒன்று மாற்றிப் போட்டிருந்ததாக அவள் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள். காப்பகத் தலைவியம்மா வந்தார். அவர் குரலை வைத்துத் திசையைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு முழம் தள்ளிப் பார்த்து வணங்கினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். தாள் சரசரத்தது.

நான் கேமராவின் முன் தலையைக் குனிந்தேன். ரகசியமாக நூலை இழுத்தேன். முடிச்சு அட்டையைத் தொட்டது.

"முதல்ல விதையோட நாம ஒண்ணாயிடணும், மேடம். எழுதிக்குங்க."

அவர் எழுதவில்லை. சின்னதாகச் செருமினார்.

"சார், கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா? அம்மா எடுக்கட்டும்."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மா."

சிரித்துவிட்டேன். "இவளா? இவ காகிதம் பிடிக்கிறவ, மேடம். மேல் கண்ணு எது, கீழ் கண்ணு எதுன்னே இவளுக்குத் தெரியாது."

உள்ளேயிருந்து கடிகாரத்தின் டிக் டிக் மட்டும் கேட்டது.

"அம்மா," என்றார் தலைவியம்மா மெதுவாக, "நீங்க இன்னும் இவர்கிட்ட சொல்லலியா?"

"சொல்ல நேரம் வரலீங்க" என்றாள் என் மனைவி. பிறகு என் தோளைப் பிடித்து, பீரோவைத் தள்ளி வைப்பதுபோல என்னைக் காலண்டர் பக்கமாக நிறுத்திவிட்டு, மேஜைக்குப் போனாள்.

காலண்டர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "திருகைத் தொடமாட்டேன் மேடம். கேமராவைத்தான் முன்னபின்ன நகர்த்துவேன். விதையோட விளிம்பு நறுக்குன்னு வர்ற இடத்துல நிறுத்திடணும். அப்புறம் கட்டை. கட்டை போடும்போது மூச்சை அடக்கணும், இல்லேன்னா ஆடிப்போகும்." இருபத்தைந்து வருடம் நான் மூச்சை அடக்கியதே இல்லை. தலைவியம்மாவின் பேனா விடாமல் ஓடியது. போகும்போது என் கையைப் பிடித்து, "உங்க ஒத்துழைப்புக்கு நன்றி, சார்" என்றார். வாசல் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். கோபம் வந்தது என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். வந்தது அழுகை. கறையும் கண்ணீரும் சேர்ந்து உலகத்தில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

"எப்பலேருந்து தெரியும்?"

"கடை பூட்டியிருந்ததுன்னு சொன்னீங்களே, அன்னிக்கே சந்தேகம். நீங்க திரும்பி வர்றதுக்குள்ள முடிவெட்டறவரே இந்தப் பக்கம் வந்து, உங்களை ஏன் ரெண்டு மாசமாக் காணோம்னு கேட்டுட்டுப் போனாரு."

"சந்தேகம்தானே?"

"நூலைப் பாத்தேன். முடிச்சை அவுத்து ஒரு கட்டைவிரல் அளவு தள்ளிக் கட்டினேன். நீங்க தலையைக் குனிஞ்சு பாத்துட்டு, 'ஆகா, எவ்வளவு துல்லியம்'னீங்க. எனக்கு விளங்கிடுச்சு. அன்னிக்குச் சமையலறைக்குப் போயி அழுதேன். வெங்காயம்னு சொன்னேன். நீங்க நம்பிட்டீங்க."

"திருப்பிச் சரியாக் கட்டியிருக்கலாமே!"

"கட்டினேங்க. அப்பவும் மங்கல்தான். நீங்க இழுத்த இழுப்புல நூலே நீண்டுபோச்சு."

முடிச்சுக்கு வயதாகாது என்று சொன்னேன். நூலுக்கு ஆகும் என்று தோன்றவில்லை.

"அப்புறம்?"

"மத்தியானம் நீங்க சாப்பிட்டுப் படுத்தப்புறம் அதே மேஜையில நான் எடுத்தேன். முதல் ரோல்ல பன்னிரண்டும் பெயர்ச்சீட்டு. கட்டையை மறந்துட்டேன். ரெண்டாவது ரோல் பரவாயில்ல. மூணாவது ரோலைப் பாத்துட்டு மேடமே கூப்பிட்டு, 'இதை யார் எடுத்தது'ன்னு கேட்டாங்க. பொய் சொல்ல வரலே. உங்களை மாதிரி எனக்குப் பழக்கம் இல்லையே."

"அந்தக் கடிதம்?"

"என் பேருக்குத்தான் வந்தது. இருமிட்டுப் படிச்சேன்."

"ஒரு வருஷம்! எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே தினமும் என்னைத் திட்டினியே!"

"திட்டுறதைக் குறைச்சா நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்க. சில நாள் திட்டத் தெம்பே இருக்காது. ஆனாலும் ஏதாவது சாக்கு வச்சுத் திட்டிருவேன்."

தேய்த்த சட்டையின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மிச்சம் இருந்த ஒரே மானத்தைக் கையில் எடுத்தேன்.

"சரி. நீ எடுத்தது நல்லா இருக்கலாம். ஆனா நானும் வாரத்துக்கு ஒரு ரோல் எடுத்தேனே. அம்பது ரோல் இருக்குமே. அதுல ஒண்ணாவது தற்செயலா நல்லா விழுந்திருக்கும். அதையெல்லாம் எங்க வச்சிருக்கே?"

அவள் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாதது இருபத்தாறு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"சொல்லு."

"ரோல் எதுங்க? மூணாவது வாரத்துலேருந்து உங்களுக்குப் பிலிமே போடல. ஸ்டூடியோக்காரர்கிட்ட பிலிமை உருவிட்டுக் கழிச்ச நம்பர் காகிதம் ஒண்ணு வாங்கிட்டு வந்து, அதைத்தான் மாட்டிக் கொடுத்தேன். திருகினா இறுக்கமா இருக்கும், துவாரத்துல நம்பரும் வரும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நானும் படிச்சேன். வருஷம் பூரா ஒரே காகிதம். திரும்பத் திரும்பச் சுத்தி வச்சேன். ஓரம் கிழிஞ்சதுக்கு ரெண்டு தடவை பசை போட்டேன்."

ஐம்பது சனிக்கிழமை. அறுநூறு தடவை அமுக்கியிருக்கிறேன். அறுநூறு தடவையும் மூச்சை வாங்கி, "இது அற்புதம்" என்று சொல்லியிருக்கிறேன். வெறும் காகிதத்துக்கு.

ஒரு வாரம் நான் மேஜைப் பக்கமே போகவில்லை. படுக்கையில் கிடந்து டிக் டிக் கேட்டேன். அவளும் கூப்பிடவில்லை. திட்டவும் இல்லை. வீடு முழுக்க ஒரு மாதிரி மரியாதை பரவியிருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை பெட்டி வந்தது. மறுநாள் காலை ஒரு குரல் கேட்டது.

"இன்னும் என்ன படுக்கை? எட்டு மணி ஆகுது. வந்து காகிதத்தைப் பிடிங்க. எனக்கு என்ன நாலு கையா இருக்கு?"

சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு இனிமையான திட்டு நான் வாங்கியதில்லை. எழுந்து போனேன். வெள்ளைக் காகிதத்தைக் கையில் கொடுத்து, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் என்னை நிறுத்தினாள். மூடியைத் திறந்தாள். தலையைக் குனிந்தாள்.

ஒரு விஷயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் என் மனைவி என் முன்னால் முதன்முறையாகத் தலை குனிந்து நிற்கிறாள். இதைப் பார்க்காமல் விடலாமா? காலண்டர் பக்கம் கண்ணைத் திருப்பினேன். ஓரத்தில் அவள் வந்தாள். அன்றைக்கும் மேகம்தான், முகம் தெளிவாக இல்லை. மெதுவாக, அவளுக்குத் தெரியாமல், காகிதத்தைக் கொஞ்சம் சாய்த்தேன். வெளிச்சம் வந்தது. காதோர நரை தெரிந்தது. மூச்சை அடக்கியதில் உதடு இறுகியிருப்பது தெரிந்தது. இன்னும் எத்தனை நாள் தெரியுமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் என்ன செய்கிறேன் என்பதை அவள் நிச்சயமாகக் கவனிக்கவில்லை. தலையை நிமிர்த்தவே இல்லை.

"வெளிச்சம் விதை மேல விழணுங்க," என்றாள் குனிந்தபடியே. "என் மூஞ்சி மேல இல்ல."